பன்னிரண்டு நொடிக்காரன்

ரிச்சி தெருவுக்குப் பிராசசர் வாங்கப் போகிறவர்கள் இப்போதெல்லாம் மாஸ்க் மாட்டிக்கொண்டு போகிறார்கள். காய்ச்சலுக்குப் பயந்து அல்ல, விலைக்குப் பயந்து. கடை வாசலில் தொங்கும் கேமரா உங்கள் முகத்தை ஒரு பார்வை பார்த்தால் போதும். கடைசியில் எந்தத் தொகைக்கு நீங்கள் படிந்து வருவீர்கள் என்று கல்லாவுக்குச் சொல்லிவிடும். அதற்குப் பிறகு நீங்கள் பேசுகிற பேரமெல்லாம் வாய்க்குச் செய்கிற உடற்பயிற்சிதான்.

கதிரேசனும் அன்று காலை பல்லாவரத்து வீட்டில் மாஸ்க்கைத் தேடிக்கொண்டிருந்தான். மேசைமேல் கம்ப்யூட்டர் வயிறு திறந்து கிடந்தது. அதிலிருந்து கழற்றிய பழைய பிராசசரை அவன் ஏற்கெனவே பஞ்சு வைத்த டப்பாவில் போட்டுவிட்டான். பிஸ்கட் துண்டு அளவுதான் இருந்தது அது.

"அதை விக்கத்தான் வேணுமா?" என்றாள் வசுமதி, தோசைக்கல்லிலிருந்து திரும்பாமல்.

"எக்ஸ்சேஞ்ச் போட்டாத்தான் கட்டுப்படியாகும் வசு. புதுசு ஒரு லட்சத்துத் தொண்ணூறு."

"மூணு செகண்டு போதாதா உனக்கு?"

"எல்லாப் பயலும் எட்டு செகண்டுல இருக்கான். நான் துப்பாக்கியத் தூக்கறதுக்குள்ள அவன் என்னைச் சுட்டுட்டு, டீ குடிக்க எழுந்து போயிடறான்."

வசுமதி இப்போது திரும்பினாள். "மூணு வருஷம் முன்னாடி இதையே சொல்லியிருந்தா விழுந்து விழுந்து சிரிச்சுக்கிட்டே சொல்லியிருப்ப. இப்ப கரண்ட் பில் படிக்கிற மாதிரி சொல்ற."

கதிரேசன் பஞ்சு டப்பாவின் மூடியை அழுத்தி மூடினான். கோபம் ஒன்றுமில்லை.

தினமும் சாயங்காலம் ஆறு மணியிலிருந்து பத்து மணி வரை அவன் துப்பாக்கி விளையாட்டு ஆடுவான், அதை நாற்பதாயிரம் பேர் நேரலையில் பார்ப்பார்கள். ஆட்டத்தைவிட அவன் வாய்க்குத்தான் கூட்டம். செத்து விழும்போதும் ஒரு நக்கல் அடிப்பான். 'பங்காளி' என்பது அவன் சேனலின் பெயர். வீட்டுக் கடன், வண்டிக் கடன், அரிசி, பருப்பு எல்லாம் அந்த வாயிலிருந்து வந்தவைதான். வசுமதியும் ஒரு மூக்குக் கண்ணாடிக் கடையில் வேலை பார்த்தாள், அந்தச் சம்பளம் வாடகைக்குக்கூடக் காணாது என்பதால்தான் சொந்த வீடே வாங்கினார்கள் என்று அவன் ஒரு காலத்தில் நேரலையில் சொல்லிச் சிரிக்க வைத்திருக்கிறான்.

அவள் தட்டை வைத்தாள். வலது கையின் சுண்டு விரல் மட்டும் தட்டைப் பிடிக்காமல் விறைத்து நீட்டிக்கொண்டிருந்தது. கல்யாணமான மூன்றாம் மாதம் அவன் வேன் கதவை அடித்துச் சாத்தியபோது நசுங்கிய விரல். இனி மடங்காது என்று எலும்பு டாக்டர் கையை விரித்ததும், வலியில் அழுதுகொண்டிருந்தவளிடம் கதிரேசன் சொன்னான்: "விடு வசு. பள்ளிக்கூடத்துல சுண்டு விரல நீட்டினா என்ன அர்த்தம்? இனிமே நீ எந்த ஊர் போனாலும் கேக்காமயே வழி சொல்லுவாங்க. பாத்ரூம் அந்தப் பக்கம் மேடம்." டாக்டரே பேனாவைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தார். அதற்குப் பிறகு அவள் தட்டு வைக்கும்போதெல்லாம் அவன் வாசல் பக்கம் கை காட்டி, "பாத்ரூம் அந்தப் பக்கம் மேடம்" என்பான். அவளும் ஒவ்வொரு தடவையும் புதிதாகக் கேட்பவள் மாதிரி சிரிப்பாள்.

அதைச் சொல்வது நின்று ஒரு வருடம் இருக்கும். எந்த நாளில் நின்றது என்று இரண்டு பேருக்குமே தெரியாது.

அவன் தோசையைத் தின்றான். அவள் மேசையோரம் ஒரு நொடி நின்றாள், பிறகு போனாள்.

"அந்தப் பிராசசர்ல இருக்கறது நீ," என்றாள் சமையலறையிலிருந்து. கேமராவும் ஸ்பீக்கரும் வைத்த அவனுடைய கல்லூரிக் காலத்துக் கம்ப்யூட்டர் டப்பா அங்கேதான், மிக்ஸிக்கு முக்காலியாக நின்றுகொண்டிருந்தது. அவள் அதன்மேல் கையை ஊன்றியிருந்தாள். "எவனோ வாங்கிட்டுப் போய் உன்ன மாதிரி பேச வெப்பான்."

"பேசிட்டுப் போறான்."

"எனக்குக் கடைக்கு நேரமாச்சு," என்று அவள் ஸ்கூட்டர் சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.

ரிச்சி தெருவில் பதினேழு படி ஏறிப் போகவேண்டிய மாடிக்கடை இந்திராணியுடையது. ஐம்பது வயது. மூக்குத்தியும் மணிக்கட்டில் மூன்று ரப்பர் பேண்டுமாக இருப்பாள். அப்பா பாத்திரக்கடை, தாத்தா மாட்டுத் தரகு. மூன்று தலைமுறைப் பேச்சு ஒரே நாக்கில் வந்து உட்கார்ந்திருந்தது.

"வா பங்காளி! மாஸ்க்க கழட்டு. இது கேமரா இல்லாத கடை. உன் மூஞ்சியப் பாத்து வெல சொல்ற அளவுக்கு நான் இன்னும் வக்கத்துப் போகல."

கதிரேசன் கழற்றினான்.

"அடேங்கப்பா. திரும்ப மாட்டிக்கிட்டாக்கூடப் பரவால்ல," என்றாள் அவள். "ஒடம்பு சரியில்லையா?"

"நல்லாத்தான் இருக்கேன்க்கா."

பழைய பிராசசரை அவள் சோதனைப் பலகையில் பொருத்தினாள். திரையில் எண்கள் ஓடின. கண்ணாடியை நெற்றிக்குத் தூக்கிவிட்டுக்கொண்டு பார்த்தாள்.

"இது ஒண்ணும் கெட்டுப்போகலயே தம்பி. எதுக்கு மாத்தற?"

"தோத்துக்கிட்டே இருக்கேன். லீக் போட்டிக்கு இன்னும் முப்பத்தஞ்சு நாள்தான் இருக்கு. இப்படியே போனா முதல் சுத்துலயே வெளிய."

"அது ஏன்னு தெரியுமா உனக்கு?"

"செகண்டு பத்தல."

"செகண்டு இல்ல." அவள் ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள். "எங்கப்பா காலத்துப் பிராசசரும் ஊகம்தான் பண்ணும். அடுத்து எந்தக் கணக்கு வரும்னு குத்துமதிப்பா முன்னாடியே போட்டு வெச்சிருக்கும். ஊகம் சரியா இருந்தா மெஷின் பறக்கும். இப்ப வர்றதெல்லாம் கணக்க விட்டுட்டு ஆள ஊகிக்குது. நீ மூணு செகண்டு கழிச்சு எந்தப் பக்கம் சுடுவ, என்ன பேசுவ, எங்க சிரிப்பன்னு அதுக்குத் தெரியும். தெரிஞ்சத உன் மூஞ்சியோட, கொரலோட உனக்கு முன்னாடியே நேரலைக்கு அனுப்பிடும்."

"இதெல்லாம் தெரியும்க்கா."

"தெரியாதத இனிமேத்தான் சொல்லப்போறேன், கேளு. ஒரு பிராசசர் ஆளைக் கத்துக்கறது மொத முப்பது நாள்ல மட்டும்தான். அப்புறம் பூட்டிக்கும். இது கத்துக்கிட்டது மூணு வருஷத்துக்கு முந்தின உன்ன. இங்க பாரு." திரையில் சிவப்பாக ஒரு கோடு ஏறிக்கொண்டே போனது. "இந்த எடத்துல நீ குதிப்பன்னு அது எதிர்பாக்குது. நீ குதிக்கல. இங்க நக்கல் அடிப்பன்னு நெனைக்குது. நீ கம்முனு இருக்க. ஒவ்வொண்ணுக்கும் ஒட்டுப்போட்டு ஒட்டுப்போட்டுத் திணறிக்கிட்டு இருக்கு. இது உன்னைத்தான் ஒழுங்கா ஆடுது. நீதான் உன்ன ஆடல."

கதிரேசன் கோட்டைப் பார்த்தான். அவள் சொன்னது நியாயமாகத்தான் பட்டது.

போன வருடம் ஓர் அரையிறுதி ஆட்டத்தில் அவன் ஜெயித்தான். நாற்காலியிலிருந்து துள்ளி எழுந்து கத்துவதாக நாற்பதாயிரம் பேர் பார்த்தார்கள். அது போய் மூன்று நொடி கழித்துத்தான் அவனுடைய முறை வந்தது. பக்கத்துத் திரையில் தான் ஏற்கெனவே துள்ளி முடித்துவிட்டதைப் பார்த்தான். இனி இன்னொரு தடவை துள்ளுவானேன் என்று உட்கார்ந்தே இருந்தான். யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. முதுகுக்கும் நல்லதாக இருந்தது. பிறகு சிரிப்பையும் அப்படியே விட்டான். பிறகு நக்கலை. எல்லாம் அவன் கைச் செலவில்லாமல் வெளியே போய்க்கொண்டிருந்தன. வீட்டிலும் அதே கணக்கில் இருந்துவிட்டதை அவன் கவனிக்கவில்லை. அங்கே அவனுக்கு முன்னால் துள்ளிக் கொடுக்க யாரும் இல்லை.

"பன்னெண்டு செகண்டு குடுங்க," என்றான்.

"குடுக்கறேன். நல்ல சரக்கு. பேங்க்லகூட இப்ப அதைத்தான் கேக்கறான், எத்தனை செகண்டு ஆளுன்னு. நாளைக்கு என்ன செய்வான்னு தெரிஞ்சவனுக்குத்தான் கடன். பொண்ணு பாக்கப் போற எடத்துலயும் மொதல்ல அதான் கேள்வி. என் தங்கச்சி மகனுக்கு நாலு செகண்டுதான், மூணு சம்பந்தம் தட்டிப்போச்சு." பெட்டியை எடுத்து முன்னால் வைத்தாள். "ஒண்ணு சொல்லிடறேன். இது இப்ப இருக்கற உன்னக் கத்துக்கும். இதே மூஞ்சிதான் நேரலைல போகும். சிரிப்பு வேணும்னா தனியா மாசச் சந்தா கட்டணும். எரநூத்தம்பது ரூபா."

"கட்டிடறேன்."

"கத்து முடிக்க முழுசா முப்பது நாள் ஆகும். சில பேருக்கு நாப்பதுகூட. போன மாசம் ஒரு கச்சேரிக்காரம்மா வாங்கிட்டுப் போச்சு. அறுபது நாளாகியும் அதால அந்தம்மாவப் பிடிக்க முடியல. திருப்பிக் குடுத்துட்டாங்க."

"எனக்கு முப்பதுல முடியணும். லீக்குக்கு மிச்சம் அஞ்சு நாள் இருக்கும்."

"ம்." அவள் பழைய பிராசசரைத் துணியால் துடைத்தாள். அநாவசியமாக நிதானமாகத் துடைத்தாள். "இதுக்கு வர்றேன். சிரிச்ச பங்காளி இதுல இருக்கான். மூணு மூணு செகண்டா கோத்துக்கிட்டே போனா நாள் முழுக்கப் பேசும். ஒரு ஆளு வந்து காலைலேர்ந்து காத்துக்கிட்டிருக்கு. துண்டு போட்டுடலாமா?"

கடையின் நடுவே கறுப்புத் திரை ஒன்று தொங்கியது. முகத்தைப் படிக்கிற கருவிகள் தெருவெல்லாம் வந்த பிறகு, தாத்தாவின் மாட்டுச் சந்தைப் பேரத்தை இந்திராணிதான் இங்கே முதலில் கொண்டுவந்தாள். இப்போது பாதித் தெருவில் அதுதான் வழக்கம். விற்பவன் திரைக்கு இந்தப் பக்கம், வாங்குபவர் அந்தப் பக்கம். திரையின் நடுவில் ஒரு கிழிசல், அதன்மேல் ஒரு துண்டு. துண்டுக்கடியில் இரண்டு கைகள் மட்டும் பேசிக்கொள்ளும். ஒரு விரலைப் பிடித்தால் பத்தாயிரம், ஒரு கணுவை அழுத்தினால் ஆயிரம், கையை மூடி இறுக்கினால் முடிந்தது. வாய் பேசக்கூடாது, முகம் பார்க்கக்கூடாது. எந்தப் பிராசசர் சில்லுக்கும் துண்டுக்குள் என்ன நடக்கிறது என்று தெரியாது. மெஷினால் ஊகிக்க முடியாத ஒரே இடமாக ஊரில் அந்த ஒரு முழத் துண்டுதான் மிச்சம் இருந்தது.

"அறுவதுக்குக் கீழ எறங்காத," என்று காதருகே சொல்லிவிட்டு இந்திராணி திரையோரம் போய் நின்றுகொண்டாள்.

கதிரேசன் கையை உள்ளே விட்டான். அந்தப் பக்கத்துக் கை ஏற்கெனவே அங்கே இருந்தது. சில்லென்று இருந்தது. அது அவனுடைய ஐந்து விரல்களையும் சேர்த்துப் பிடித்தது. ஐம்பது.

அவன் அந்தக் கையை விலக்கிவிட்டு, அதன் ஐந்து விரலைப் பிடித்து, மறுபடி இரண்டு விரலைப் பிடித்தான். எழுபது. மேலே சொன்னால்தான் நடுவில் வந்து நிற்கும்.

கை யோசித்தது. பிறகு ஐந்து பிடித்து, ஒன்று பிடித்தது. அறுபது.

அவன் மறுபடியும் எழுபதைப் பிடித்தான்.

இப்போது அந்தக் கை அவன் விரல்களை ஐந்தாகச் சேர்த்து நன்றாகவே பற்றியது. முதல் இரண்டு தடவை அவசரத்தில் அவன் கவனிக்கவில்லை. நான்கு விரல்கள் அவன் கையைச் சுற்றி மடங்கின. சுண்டு விரல் மட்டும் மடங்காமல், அவன் மணிக்கட்டின்மேல் நீளமாகப் படுத்திருந்தது.

அவன் தலையைத் தூக்கித் திரையைப் பார்த்தான். கறுப்புத் துணி அசையவில்லை.

கை அவன் இரண்டு விரலைத் தனியாகப் பிடித்தது. எழுபது. அவன் கேட்ட விலைக்கே அது வந்துவிட்டது. இனி அவன் செய்ய வேண்டியது ஒன்றுதான், கையை இறுக்க வேண்டும். அல்லது கையை வெளியே எடுத்துக்கொண்டு, விற்கவில்லை என்று டப்பாவோடு படியிறங்க வேண்டும். அல்லது திரையை விலக்க வேண்டும். இதில் எதைச் செய்யப்போகிறான் என்று முன்கூட்டிச் சொல்ல அங்கே ஒரு சில்லும் இல்லை. பல மாதங்களுக்குப் பிறகு அவன் தானாக எதையாவது செய்ய வேண்டியிருந்தது.

அவன் காத்திருந்தான். நெஞ்சில் ஏதாவது வரும், அது வந்ததும் அதன்படி செய்துவிடலாம் என்று காத்திருந்தான். கையும் காத்திருந்தது. அதன் உள்ளங்கை வேர்த்திருந்தது.

ஒன்றும் வரவில்லை.

அவன் கட்டைவிரல் நகர்ந்து, எதிர்க் கையின் ஆட்காட்டி விரலில் ஒரு கணுவை அழுத்தியது. பிறகு இன்னொரு கணுவை. எழுபத்திரண்டு.

அந்தக் கை செத்ததுபோல் கிடந்தது. எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. தெருவில் ஒருவன் ஹெட்போன் நூற்றைம்பது, நூற்றைம்பது என்று கூவிக்கொண்டு போய்விட்டுத் திரும்பியும் வந்துவிட்டான். பிறகு அது மெல்ல மூடி, நான்கு விரலால் இறுக்கியது. முடிந்தது.

இந்திராணி துண்டை எடுத்து மடித்தாள். திரைக்கு அந்தப் பக்கம் நாற்காலி நகரும் சத்தம், பின்படியில் செருப்புச் சத்தம்.

"துண்டுக்கடியில இவ்வளவு நேரம் கைய வெச்சிருந்தவங்கள நான் பாத்ததில்ல," என்றாள் அவள். அவனை ஒருமுறை மேலும் கீழும் பார்த்தாள். "நல்ல வெல பங்காளி. எடுத்துட்டுக் கெளம்பு." வழக்கமாகத் தருகிற டீயை அவள் சொல்லவில்லை.

மதியம் ஒன்றரைக்கு வீட்டுக்கு வந்து புதுப் பிராசசரைப் பொருத்தினான். திரையில் ஒரு சின்னப் பட்டை தோன்றியது. கற்றுக்கொள்ளும் நாட்களில் அது தன் ஊகத்தை எழுதிக் காட்டும், பன்னிரண்டு நொடி கழித்து, சரியென்றால் பச்சையில் ஒரு டிக் போட்டுக்கொள்ளும், தப்பென்றால் சிவப்பு. *தண்ணீர் குடிப்பார்.* பச்சை. *மவுஸைத் துடைப்பார்.* பச்சை. *கொட்டாவி.* அவன் கொட்டாவி விட்டான்.

ஐந்தரைக்கு வசுமதி வந்தாள். தெருமுனையில் ஷேர் ஆட்டோவிலிருந்து இறங்கி நடந்து வந்தாள். ஸ்கூட்டர் எங்கே என்று அவன் கேட்கவில்லை. சாப்பாட்டுப் பையை வழக்கத்தைவிடக் கவனமாக மார்போடு அணைத்திருந்தாள்.

"எவ்வளவுக்குப் போச்சு?"

"எழுபத்திரண்டு."

அவள் தலையசைத்தாள். செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தாள். வைத்தது சரியாக இல்லாததுபோல் இன்னொரு தடவை நகர்த்தி வைத்தாள்.

"எழுபதுக்கே ஒத்துக்கிட்டாங்கல்ல. கடைசியா ஏத்தின அந்த ரெண்டு," என்றாள், "அது எதுக்குக் கதிர்?"

அவன் யோசித்துப் பார்த்தான். உண்மையான பதிலையே சொல்லவேண்டும் என்றுதான் யோசித்தான்.

"பழக்கம்," என்றான்.

"ம்," என்றாள். திட்டவில்லை, அழவில்லை. சமையலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். மிக்ஸியைத் தூக்கித் தரையில் வைக்கும் சத்தம் கேட்டது. பிறகு திருப்புளி சுழலும் சத்தம்.

ஆறு மணிக்கு நேரலை. ஐந்து ஐம்பதுக்கு அவன் திரை மணி அடித்தது. பெரிய எழுத்தில் வந்திருந்ததை அவன் இரண்டு முறை படித்தான்.

*உங்களைக் கற்று முடித்தாயிற்று. ஆன நேரம்: 4 மணி 11 நிமிடம்.*

லீக்குக்கு வேண்டிய மட்டும் நாள் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டான்.

அப்போதுதான் சமையலறையில் யாரோ தொண்டையைக் கனைத்தார்கள். ஆண் குரல். பழைய டப்பாவின் ஓட்டை ஸ்பீக்கரில் கொஞ்சம் கரகரத்தாலும் நல்ல துடுக்கான குரல்.

"அடேய், யாரு இது? எங்க கொண்டாந்து வெச்சிருக்க என்னை? மொளகாப்பொடி நெடி தாங்கல. வசு, நீயா? என்ன, வெரல நீட்டிக்கிட்டு நிக்கற?"

திருப்புளி தரையில் விழும் சத்தம்.

"பாத்ரூம் அந்தப் பக்கம் மேடம்."

வசுமதி சிரித்தாள். முதலில் மூக்கால் ஒரு வெடிப்பு, பிறகு வாய் விட்டு, பிறகு அடக்க முடியாமல். அந்தக் குரலும் அவளோடு சேர்ந்து சிரித்தது. சிரிப்பு நடுவில் எங்கோ அழுகையாகத் தடுக்கி, மறுபடி சிரிப்பாகவே எழுந்தது.

கதிரேசன் சமையலறைக் கதவைப் பார்த்தான். எட்டு அடி தூரம் இருக்கும்.

கற்றல் முடிந்தும் பட்டை இன்னும் திரையை விட்டுப் போகவில்லை. அதில் புதிதாக ஒரு வரி வந்தது.

*எழுந்திருக்க மாட்டார்.*

அவன் நாற்காலியின் கையைப் பிடித்தான். உள்ளே அந்தக் குரல் அடுத்த நக்கலை ஆரம்பித்துவிட்டது. ஐந்து, ஆறு என்று அவன் எண்ணினான். கை நாற்காலியின்மேல் அப்படியே இருந்தது. பத்து. பதினொன்று.

பச்சை டிக் விழுந்தது. நேரலை தொடங்கியது.